என் தம்பி காப்பாற்றாத பள்ளிக்கூடம்

என் தம்பி ஒரு புத்தகம் எழுதியிருக்கிறான். அமெரிக்காவில் ஒரு நகரத்தில் இருக்கும் தேவாலயங்களுக்கும் அங்குள்ள அரசுப் பள்ளிக்கூடங்களுக்கும் என்ன உறவு என்பதுதான் விஷயம். நகரத்தின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. அந்த ஊர் ஒரு பாவமும் செய்யவில்லை. அதை எழுதி முடிக்க அவனுக்குப் பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அத்தனை வருஷமும் மார்கழி பிறந்ததும் மயிலாப்பூரில் என் ஃபிளாட்டில் வந்து இறங்குவான். என் சமையலைச் சாப்பிட்டு, என் கட்டிலில் படுத்து, எனக்கே அந்தப் புத்தகத்தைப் பற்றி வகுப்பெடுப்பான். ஆகவே படிக்காமலேயே அதில் பாதி எனக்கு மனப்பாடம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நாங்கள் வளர்ந்த, நான் இப்போதும் இருக்கிற தெருவின் கோடியிலேயே ஒரு தேவாலயம் இருக்கிறது. அதன் வாசலைத் தாண்டித்தான் அவன் தினமும் பஸ் பிடிக்கப் போனான். ஒரு நாளாவது உள்ளே எட்டிப் பார்த்தவன் இல்லை. அதற்கு எதிர்ச்சந்தில் ஒரு கார்ப்பரேஷன் பள்ளிக்கூடம். அங்கேயும் அவன் கால் பட்டதில்லை. அந்தப் பசங்களோடு சேரக்கூடாது என்று அப்பா சொல்லியிருந்தார், அப்பா சொன்னதை மீறுகிற வழக்கம் அவனுக்குக் கிடையாது. தேவாலயத்தையும் அரசுப் பள்ளிக்கூடத்தையும் கண்ணால் பார்க்க அவனுக்கு விசா தேவைப்பட்டது.

நான் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவள். எங்கள் வீட்டில் ஒருவரைத்தான் மேலே படிக்கவைக்க முடிந்தது, அவனைப் படிக்கவைத்தார்கள். பொறாமையில் பேசுகிறாள் என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளலாம். கொஞ்சம் பொறாமையும் இருக்கத்தான் இருக்கும். ஆனால் இப்போது நான் சொல்லப் போவதற்கு அது காரணம் இல்லை.

போன வருஷத்துக்கு முந்தைய டிசம்பரில் புத்தகம் வெளிவந்த கையோடு வந்திருந்தான். சீசன் நேரம். கச்சேரி இல்லாத ஒரு காலை வேளையில், எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் ஏற்பாட்டில், பக்கத்து ஹாலில் அவனுக்கு ஒரு சொற்பொழிவு. பொங்கல், வடை, காபி உண்டு என்று போஸ்டரிலேயே போட்டிருந்ததால் ஹால் நிறைந்துவிட்டது. அவன் ஜிப்பா போட்டுக்கொண்டு போனான். அமெரிக்காவில் கோட்டு, இங்கே ஜிப்பா.

திரையில் ஒரு படம் காட்டினான். கறுப்பின அம்மாள் ஒருத்தி. நல்ல கனத்த சரீரம், ஞாயிற்றுக்கிழமைத் தொப்பி. ஒரு பள்ளிக்கூட வாசலில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். நகர நிர்வாகம் அந்தப் பள்ளியை மூடுவதாக அறிவித்ததும், பக்கத்துத் தேவாலயத்துப் பெண்கள் இப்படி ஆளுக்கொரு நாற்காலியோடு வந்து வாசலை அடைத்துக்கொண்டார்களாம். அவர்களுடைய போதகர் பிரசங்க மேடையிலிருந்து ஞாயிறுதோறும் அதைப் பற்றியே பேசினாராம். நம்பிக்கை, சமூகம், பொதுக்கல்வி என்று அவன் அடுக்கிக்கொண்டே போக, முன்வரிசையில் ஒரு மாமி மூக்கை உறிஞ்சினாள். பின்வரிசையில் ஒருவர் எழுந்து, அவருடைய பேரனுக்கு எந்த யுனிவர்சிட்டி நல்லது என்று கேட்டார்.

நன்றியுரை சொன்னது சங்கத்தின் செயலாளர். பேங்கில் பெரிய பதவியில் இருந்தவர். வாக்கிங் போகும்போது கூட ஆபீசுக்குப் போவதுபோல நடப்பார். 'சமூகம் என்றால் இதுதான், நாமும் இதைக் கற்றுக்கொள்ள வேண்டும்' என்று தழுதழுத்தார். அந்த ஹாலில் இருந்தவர்களின் பிள்ளை, பேரப்பிள்ளை, டிரைவரின் பிள்ளை யாருமே... இல்லை, டிரைவரின் பிள்ளைகளைப் பற்றி அங்கே யாருக்கும் தெரியாது. சொல்ல வந்தது இவ்வளவுதான்: கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்துக்குப் போன ஒரு ஜீவன்கூட அந்த ஹாலில் இல்லை. அமெரிக்கப் பள்ளிக்கூடத்துக்காக எல்லோரும் உருகினார்கள். பொங்கல் நன்றாக இருந்தது.

மறுநாள் காலை எங்கள் தெருமுனை இட்லிக்காரி என்னைப் பிடித்துக்கொண்டாள்.

இருபது வயதுப் பெண்ணாக அந்த முனையில் அவள் கடை போட்ட நாளிலிருந்து அவளை எனக்குத் தெரியும். தள்ளுவண்டி, மேலே நீலத் தார்ப்பாய், இரண்டு இட்லிக் கொப்பரை. விடிவதற்கு முன்னால் அடுப்பு பற்றவைத்தால், ஆபீஸ் கூட்டம் கலைந்து ஒன்பதரை மணிக்குத்தான் இறக்குவாள். புருஷன் நொச்சிக்குப்பத்துக்காரன், கடலுக்குப் போகிறவன். காலையில் அவனைக் கரையில் பார்க்க முடியாது. ஒரே மகள், அப்போது நாலாம் வகுப்பு. அந்தப் பெண் வகுப்பு லீடர். லீடர் என்றால் சும்மா இல்லை. தெருவில் போகிற சின்னப் பிள்ளைகளை நிறுத்தி நகம் வெட்டியிருக்கிறதா என்று பார்ப்பாள். ஒருமுறை என்னையே, 'மாமி, குப்பையப் பிரிச்சுப் போடணும்னு டீச்சர் சொல்லிகீறாங்க' என்று மிரட்டியிருக்கிறாள்.

அவள் படித்தது அந்த எதிர்ச்சந்துப் பள்ளியில்தான். இட்லி வண்டியிலிருந்து பார்த்தால் பள்ளிக்கூட கேட் தெரியும். மணி ஆனதும் அம்மா, 'போ' என்பாள். மகள் போவாள். கேட்டுக்குள் நுழைகிற வரை அம்மா ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே மறு கண்ணால் இட்லி எடுப்பாள். இதுதான் ஏற்பாடு.

"இன்னா மாமி, செவுத்துல ஒட்டிகீறது உன் தம்பியாமே?" என்றாள்.

"ஆமாம், என் தம்பிதான். நேத்தே பேசி முடிச்சாச்சு."

"மூடற இஸ்கூல எப்டி காப்பாத்தறதுன்னு பேசினாராமே. கீய் வூட்டு டிரைவரு சொன்னாரு."

"அப்படித்தான் ஏதோ பேசினான். உனக்கென்ன அதுல?"

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "எங்க இஸ்கூல மூடப் போறாங்க மாமி. மூடறோம்னு சொல்ல மாட்டேங்கிறாங்க, இணைக்கிறோம்ங்கிறாங்க. ரோட்டுக்கு அந்தாண்ட கீற இஸ்கூலோட சேத்துடுவாங்களாம். நான் இட்லி ஊத்தறதா, இவள இட்டுக்கினு அம்மாந்தூரம் போறதா? நீயே சொல்லு."

ரோட்டுக்கு அந்தாண்டை என்று அவள் சுலபமாகச் சொல்லிவிட்டாள். அந்த மெயின் ரோட்டை மெட்ரோக்காரர்கள் வருஷக்கணக்காகத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். தகர வேலிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே ஒரு ஆள் பக்கவாட்டில் போகிற அளவுக்குத்தான் வழி. இன்று இருக்கிற வழி நாளைக்கு இருக்காது. நானே அதைக் கடப்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்று மூச்சு வாங்கிக்கொள்வேன். ஒன்பது வயதுப் பெண்ணைத் தனியாக அனுப்ப யாருக்கும் மனசு வராது.

"பொங்கலுக்கு முன்ன பெத்தவங்களக் கூப்ட்டு மீட்டிங்கு வெக்கிறாங்க," என்றாள். "உன் தம்பிய வந்து ஒரே ஒரு வார்த்த சொல்லச் சொல்லு மாமி. நாங்க சொன்னா எவன் கேப்பான்? அமெரிக்கா சாரு சொன்னா கேப்பாங்க."

எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. இந்தப் படிப்பு முதல்முறையாக யாருக்கோ உபயோகப்படப் போகிறது என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து சொன்னதும் அவன் கண் விரிந்தது. "ரொம்ப இன்ட்ரஸ்டிங், அக்கா!" என்றான். வீடு பற்றி எரிகிறது என்றாலும் அவனுக்கு இன்ட்ரஸ்டிங்தான்.

அடுத்த நாளே ரெக்கார்டரும் கையுமாக இட்லி வண்டிக்குப் போனான். நானும் கூடப் போனேன். பேசுவதற்கு முன்னால் ஒப்புதல் வாங்கவேண்டும் என்று ஒரு பெரிய பத்தியைப் படித்துக் காட்டினான். சுத்தத் தமிழில் வேறு. 'இவ்வாய்வில் பங்கேற்பதால் தங்களுக்கு ஏற்படக்கூடிய அபாயங்கள்' என்று அவன் தொடங்கியதும் அவள் திடுக்கிட்டுவிட்டாள்.

"அபாயமா? இன்னா மாமி, போலீசு கீலீசு வருமா?"

"ஒண்ணும் வராது. சும்மா தலையை ஆட்டு," என்றேன்.

தலையை ஆட்டினாள். அவன் முதல் கேள்வி கேட்டான். "இந்தப் பள்ளிக்கூடம் உங்க வாழ்க்கைக்கு என்ன அர்த்தம் குடுக்குது?"

அவள் அவனை ஒருமாதிரி பார்த்தாள். கேள்வியில் ஏதாவது சூது இருக்கிறதா என்று யோசித்தாள் போலும். "இஸ்கூலு சார்," என்றாள் கடைசியில். "புள்ளைங்க படிக்கிற எடம்."

அதை அவன் எழுதிக்கொண்டான். நாலு இட்லி கேட்டு ஒரு ஆட்டோக்காரர் காத்துக்கொண்டிருந்தார். அவரையும் ஏதோ கேட்டு எழுதிக்கொண்டான். பிறகு அவனுக்கு ஒரு யோசனை உதித்தது. அமெரிக்காவில் இந்த மாதிரி நேரத்தில் முதலில் பள்ளிக்குத் துணை நிற்பது பக்கத்துத் தேவாலயம்தான், நீங்கள் ஏன் தெருக்கோடிப் போதகரைப் பார்க்கக்கூடாது என்று கேட்டான். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆனால் அவள் முழுகப் போகிறவள். எதைச் சொன்னாலும் பிடித்துக்கொள்வாள். அன்று சாயங்காலமே மூன்று பேரும் போனோம். இத்தனை வருஷம் வாசலோடு போனவன் அன்றுதான் உள்ளே நுழைந்தான், அதுவும் தூணையும் விதானத்தையும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு.

போதகர் நல்ல மனிதர். டீ வரவழைத்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டார்.

"அமெரிக்காவுல சரி சார். இங்க நான் அந்த கேட்டுப் பக்கம் போய் நின்னா, மறுநாளே மதம் மாத்த வந்துட்டான்னு போஸ்டர் ஒட்டிருவாங்க. அடுத்த வருஷம் மூடப் போற ஸ்கூல அன்னைக்கே மூடிருவாங்க. நான் வராம இருக்கறதுதாம்மா நான் உங்களுக்குச் செய்யற உதவி." பிறகு எதையோ நினைத்துக்கொண்டவராக இட்லிக்காரியிடம், "நம்ம இங்கிலீஷ் மீடியம் இருக்கே, அதுல வேணா பாப்பாவைச் சேக்கறீங்களா? ஃபீஸ் கொஞ்சம் குறைக்கச் சொல்லிப் பாக்கறேன்," என்றார்.

அவள் திரும்பி வருகிற வழியெல்லாம் சிரித்தாள். "வராம இருக்கிறதுதான் ஒதவியாம் மாமி! நல்லாத்தான் சொல்றாரு பாதரு." என் தம்பி சிரிக்கவில்லை. பத்து வருஷ ஆராய்ச்சிக்கு ஒரு டீக்குள் பதில் வந்துவிட்டதே என்ற வாட்டம். தெருமுனையில் பிரியும்போது மட்டும், ஏதோ ஈடுகட்டுவதுபோல, அவளிடம் சொன்னான். "கவலைப்படாதீங்கம்மா. மீட்டிங்குக்கு நான் வரேன். நான் உங்க பக்கம்தான்."

இந்த வாக்கியத்தை அவன் சொன்னதை என் இரண்டு காதாலும் கேட்டேன். அவள் அதை அத்தனை அம்மாக்களிடமும் போய்ச் சொல்லிவிட்டாள். கோயில் வாசலில் பூக்கட்டுகிறவள், எங்கள் கட்டடத்தில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள், எல்லோரும் என்னைப் பார்த்தால் ஒரு தனி மரியாதையோடு சிரித்தார்கள். அமெரிக்கா சாரின் அக்கா அல்லவா நான்.

கூட்டம் அந்தப் பள்ளிக்கூடத்திலேயே, மூன்றாம் வகுப்பு அறையில் நடந்தது. அம்மாக்கள் கல்யாணத்துக்கு வருகிற மாதிரி நல்ல புடவையில் வந்திருந்தார்கள். சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்தார்கள். நாற்காலிகள் அதிகாரிக்கும், சங்கச் செயலாளருக்கும், என் தம்பிக்கும். எனக்கும் ஒன்று போட்டார்கள். நான் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

கல்வித் துறையிலிருந்து வந்த அதிகாரியை நான் குறை சொல்லமாட்டேன். பொறுமையாகவே பேசினார். பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், கட்டடம் பழசு, ரோட்டுக்கு அந்தாண்டைப் பள்ளியில் வசதிகள் அதிகம் என்றார். பிறகு செயலாளர் எழுந்தார். அன்றைக்கு ஹாலில் தழுதழுத்த அதே மனிதர். குறுகிய சந்து, தீயணைப்பு வண்டிகூட வரமுடியாது, குழந்தைகளின் பாதுகாப்பை நினைத்தால் அவருக்கு ராத்திரி தூக்கம் வருவதில்லை என்றார். பள்ளிக்கூடம் போய்விட்டால் அந்த மைதானம் வீணாகிவிடக்கூடாது, வாகனம் நிறுத்த இடம் என்பது இந்தப் பகுதியின் நீண்டநாள் தேவை என்பதையும் அப்படியே போகிறபோக்கில் சொல்லிவைத்தார். தீயணைப்பு வண்டி நுழையாத சந்தில் கார்கள் எப்படி நுழையும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

பூக்கட்டுகிறவள் பட்டென்று கேட்டாள். "கச்சேரிக்கு வர்ற காரு நிக்கறதுக்கு எங்க புள்ளைங்க ரோடு தாண்டணுமா?"

சலசலப்பு எழுந்தது. அதிகாரி கையமர்த்தினார். இங்கேதான் ஒரு வாசல் திறந்தது. அவர் சொன்னார்: "இன்னும் மேல முடிவாகலம்மா. இங்க என்ன கருத்து வருதோ அதைத்தான் நான் எழுதி அனுப்பப் போறேன். உண்மையா பிள்ளைங்களுக்குக் கெடுதல்னா அதையும் எழுதறேன்." பிறகு என் தம்பியின் பக்கம் திரும்பி, மரியாதையாகக் கேட்டார். "சார், நீங்க இதுலயே ஆராய்ச்சி பண்ணவரு. சின்ன ஸ்கூலை மூடிப் பெரிய ஸ்கூலோட சேத்தா பிள்ளைங்களுக்குக் கெடுதலா?"

இட்லிக்காரி என்னைப் பார்த்துக் கண்ணால் சிரித்தாள். என் தம்பி எழுந்து ஜிப்பாவை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"இதுக்கு நேரடியா பதில் சொல்றது கொஞ்சம் சிக்கல்," என்று ஆரம்பித்தான். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. "சில இடங்கள்ல பாதிப்பு இருந்திருக்கு. சில இடங்கள்ல பெரிய பள்ளிக்குப் போன பிள்ளைகள் நல்லாவும் செஞ்சிருக்காங்க. எல்லாம் சூழலைப் பொறுத்தது. அமெரிக்காவுல கிடைச்ச சான்றுகளை அப்படியே இங்க பொருத்திப் பாக்கவும் முடியாது. மேற்கொண்டு ஆய்வு தேவைன்னுதான் நான் சொல்லுவேன்."

"அப்போ, கெடுதல்னு உறுதியா சொல்ல முடியாது?" என்றார் அதிகாரி.

"உறுதியா... சொல்ல முடியாது."

அதிகாரி எழுதிக்கொண்டார். அவர்மேல் தப்பில்லை. அவன் சொன்னதைத்தான் எழுதினார்.

இட்லிக்காரி எழுந்து நின்றாள். குரலை உயர்த்தவில்லை. அவனுக்குச் சரியாகப் புரியவில்லை, தெளிவாகக் கேட்டால் சொல்லிவிடுவான் என்றே அவள் நம்பினாள். "சார், அதெல்லாம் உடு சார். எங்க இஸ்கூல மூடலாமா, கூடாதா? ஒரு வார்த்த சொல்லு."

அவன் சிரித்தான். வகுப்பில் மாணவர்கள் குழந்தைத்தனமாக ஏதாவது கேட்டால் வாத்தியார்கள் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. "அப்படி ஒரு வார்த்தையில சொல்லிட முடியாதும்மா. அது நியாயமா இருக்காது."

"யாருக்கு நியாயமா இருக்காது?"

அவன் உட்கார்ந்து தண்ணீர் குடித்தான். அவளும் மெதுவாக உட்கார்ந்தாள்.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. எழுந்து நின்று, "அவன் சொல்லலேன்னா நான் சொல்றேன், மூடக்கூடாது! மூடினா இந்தக் குழந்தைகள்ல பாதி படிப்பை விட்டுடும்!" என்று கத்தினேன். அதிகாரி, "நீங்க பேரண்ட்டா மேடம்?" என்றார். இல்லை என்றேன். "நிபுணரா?" இல்லை என்றேன். "தயவுசெஞ்சு உக்காருங்க," என்றார். கூட்டம் முடிந்ததும் செயலாளர் ஓடிவந்து என் தம்பியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "வெரி பேலன்ஸ்டு, சார். வெரி பேலன்ஸ்டு."

வீட்டுக்கு வருகிற வழியில் ஒரு வார்த்தையும் பேசக்கூடாது என்றுதான் இருந்தேன். மாட வீதி திரும்புவதற்குள் பொறுக்க முடியவில்லை.

"ஏன்டா, 'கூடாது'ங்கற ஒரு வார்த்தை உன் வாயிலேர்ந்து வராதா? வந்தா முத்து உதிர்ந்துடுமா?"

"அக்கா, நீ புரிஞ்சுக்காம பேசறே. நான் ஆராய்ச்சி பண்றவன். ஒரு பக்கம் சாய்ஞ்சுட்டேன்னா நாளைக்கு நான் எழுதறதை யார் மதிப்பா?"

"அவகிட்ட நீதானேடா சொன்னே, நான் உங்க பக்கம்னு?"

"அது மனுஷனா சொன்னேன். இங்க என்னை நிபுணனா கேட்டா."

நடுத்தெருவில் நின்றுவிட்டேன். பின்னால் வந்த ஸ்கூட்டர்காரன் திட்டிவிட்டுப் போனான். ஒரே உடம்புக்குள் மனுஷன் ஒருத்தனையும் நிபுணன் ஒருத்தனையும் வைத்துக்கொண்டு, தேவைக்குத் தகுந்தாற்போல ஒருத்தனை வெளியே அனுப்புகிறானே, இதற்குத்தான் இத்தனை வருஷப் படிப்பா?

"அந்தத் தொப்பிக்காரி, நாற்காலி போட்டுண்டு உக்காந்தாளே, அவ எந்தச் சான்றை வெச்சிண்டு உக்காந்தா?"

"அவ நிலைமை வேற, அக்கா."

"அந்தப் பள்ளிக்கூடம் கடைசியில என்னதான்டா ஆச்சு?"

அவன் கொஞ்சம் தயங்கினான். "மூடிட்டா."

"நீ அப்போ எங்கே இருந்தே?"

"அங்கேயேதான் இருந்தேன். நோட்ஸ் எடுத்துண்டிருந்தேன்."

அன்று ராத்திரி அவனுக்கு ரசம் சாதம் போட்டேன். அக்கா இல்லையா. ஆனால் நெய் விடவில்லை. சிறுபிள்ளைத்தனம் என்று தெரியும், அதற்குமேல் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. பொங்கல் முடிந்ததும் அவன் பிளேன் ஏறினான். நான் ஏர்போர்ட் வரை போகவில்லை, முழங்கால் வலி என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் இணைந்தது. அதாவது, கேட்டில் பூட்டு தொங்கியது. பூக்காரி தன் பையனைப் பாலவாக்கத்தில் அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டாள். பாத்திரம் தேய்க்கிறவளின் இரண்டு பெண்களில் பெரியவள் நின்றுவிட்டாள். மைதானத்தில் டிசம்பர் வருவதற்குள் வெள்ளைக் கோடு போட்டுவிட்டார்கள். அந்தச் சந்துக்குள் கார்கள் அழகாகவே நுழைகின்றன.

இட்லிக்காரியின் மகளை நான் கொண்டுவிடுகிறேன் என்றேன். வேண்டாம் மாமி என்றாள், நான் கேட்கவில்லை. அந்த ஜூனிலிருந்து மழைக்காலம் வரை கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். உண்மையில் அவள்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். "மாமி, இப்ப வா. மாமி, நில்லு. பஸ்ஸு வருது, கண்ணு தெரீல?" என்று அதட்டுவாள். புதுப் பள்ளியில் அவள் லீடர் இல்லை. அங்கே ஏற்கனவே ஒரு லீடர் இருந்தாளாம். அதை என்னிடம் சொல்லும்போது குரல் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. ஐப்பசி மழையில் மெட்ரோக்காரர்கள் போட்டிருந்த இரும்புத் தகட்டில் வழுக்கி விழுந்தேன். முழங்கால் வலி என்று நான் சொன்ன பொய் நிஜமாயிற்று. டாக்டர் படியிறங்கவே கூடாது என்றார்.

அதன் பிறகு ஒன்பதரைக்குக் கடையை ஏறக்கட்டிவிட்டு அம்மாவே இழுத்துக்கொண்டு ஓடினாள். போய்ச் சேரும்போது வகுப்பு தொடங்கி எத்தனையோ நேரம் ஆகியிருக்கும். லேட்டாக வந்ததற்காக அந்தப் பெண்ணைத் தினமும் வராந்தாவில் நிற்கவைத்தார்கள். கொஞ்ச நாள் நின்றாள். பிறகு ஒரு நாள் அம்மாவிடம் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்: "அங்க வெளில நிக்கறதுக்கு நான் இங்கியே நிக்கறேன்."

நான் நடக்க ஆரம்பித்து, குச்சி ஊன்றிக்கொண்டு தெருவுக்கு வந்தபோது அந்தப் பெண் வண்டிக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். மறுபடியும் நான் கொண்டுவிடுகிறேன் என்று என் குச்சியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அவளும் குச்சியைப் பார்த்தாள்.

போன மாதம் தம்பி வாட்ஸப்பில் ஒரு கட்டுரை அனுப்பினான். ஏதோ பெரிய ஆராய்ச்சிப் பத்திரிகையில் வந்திருக்கிறதாம். 'அக்கா, நம்ம ஏரியா வந்திருக்கு!' என்று கூடவே ஒரு கை கூப்பின பொம்மை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதையும் படித்தேன். ஆபீஸில் வருஷக்கணக்காக இங்கிலீஷ் பாலிசிகளைப் பொடி எழுத்து விடாமல் படித்தவள் நான். என்னை அதில் ஏமாற்ற முடியாது. அந்தக் கூட்டத்தை அப்படியே எழுதியிருந்தான். நன்றாகவே எழுதியிருந்தான். புடவைகளின் நிறம் வரை இருந்தது, பெஞ்சின் உயரம் இருந்தது, செயலாளரின் தூக்கமின்மை இருந்தது. ஆய்வு முடிவுகள் உறுதியாக இல்லை என்று அதிகாரி சுட்டிக்காட்டியதாகப் போட்டிருந்தான். இரண்டாவது தடவையும் படித்தேன். பிறகு குச்சியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

இட்லிக்காரி ஈடு இறக்கிக்கொண்டிருந்தாள். அவள் பேசியதெல்லாம் அமெரிக்காவில் அச்சாகியிருக்கிறது என்று சொன்னேன்.

"மெய்யாலுமா? நான் கேட்டது கீதா அதுல?"

"இருக்கு. மூடலாமா கூடாதா, ஒரு வார்த்தை சொல்லுன்னு கேட்டியே, அது அப்படியே இருக்கு. அந்த அதிகாரியைப் பார்த்து நீ கேட்டதா எழுதியிருக்கான்."

அவள் கை நின்றது. "அவர நான் எங்க கேட்டேன்? உன் தம்பியத்தான மாமி கேட்டேன்?"

"தெரியும். தான் அங்கே இருந்ததாவே அவன் எழுதலை. முழுக்கத் தேடிப் பார்த்துட்டேன்."

கொப்பரையிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபம்கூட இல்லை அந்த முகத்தில். அவளுக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"அப்ப, என் எதுர்ல நின்னுக்கினு முடியாதுன்னு சொன்னது யாரு மாமி?"

இரண்டு செட் இட்லி கேட்டு யாரோ குரல் கொடுத்தார்கள். அவள் தட்டுகளை எடுத்து வாழையிலைத் துண்டு போட்டு இட்லி வைத்தாள். "தட்டு எடு," என்று கூப்பிட்டாள். அவள் மகள் வந்து எச்சில் தட்டுகளை அடுக்கி, இடுப்பில் இடுக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனாள். மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. அன்றைக்குப் பள்ளிக்கூடம் உண்டு.